குணமாகக் கூடாத முட்டி

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த என் எஸ்.டி.டி. பூத்தில், கண்ணாடிக் கூண்டின் மேல்சட்டத்தில் ஒரு பஞ்சுத் துண்டை ஒட்டி வைத்திருந்தேன். போன் பேச வருகிறவர்கள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று எல்லோரும் பாராட்டினார்கள். அக்கறையெல்லாம் என் நெற்றி மேல்தான். கூண்டைப் பெருக்கிவிட்டு நிமிரும்போது தினமும் இடித்துக்கொண்டது நான் ஒருத்திதான். கூண்டைச் செய்த ஆசாரி ஊரில் உள்ள பெண்களை மனசில் வைத்து அளவு எடுத்திருப்பார். அவர் என்னைப் பார்த்ததில்லை.

நான் உயரம். சும்மா உயரம் இல்லை. அப்பாவைவிட, தம்பியைவிட, அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் இருந்த எந்த ஆணையும்விட உயரம். பிளஸ் ஒன் சேர்ந்த வாரமே டவுன் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் பிரேயர் வரிசையில் இருந்து என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். ஏதோ தப்புச் செய்துவிட்டேன் போல என்று நடுங்கிக்கொண்டே போனேன். அவர் என்னைப் பேஸ்கட்பால் ரிங்குக்குக் கீழே நிறுத்தி, "இங்கியே நில்லு. பந்து வந்தா மேல போடு. வேற ஒன்னும் நீ பண்ண வேணாம்" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமும் அதுதான். வலை இல்லாத ரிங், வெயிலில் கொதிக்கும் சிமெண்ட் தரை, ஆட்டத்துக்கென்று தைத்த தொளதொள பேண்ட். எண்பத்தொன்பதில் பிளஸ் டூ முடிந்தபோது ஆட்டமும் முடிந்தது. அந்த இரண்டு வருஷமும் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் என்னை யாரும் குனியச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் குனிவதுதான் வேலையாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அம்மா என்னை முன்கூட்டியே உட்காரவைத்துவிடுவாள். காபியைச் சித்தி கொண்டுவந்து கொடுப்பாள். உட்கார்ந்தவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போகும். "எழுந்து நமஸ்காரம் பண்ணும்மா" என்று யாராவது சொல்லித் தொலைப்பார்கள். நான் எழுந்திருப்பேன். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைத் தேடி மேலே பார்ப்பாள், பிறகு மகனைப் பார்ப்பாள், பிறகு எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்ப்பாள். நாலு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வரும். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், அழுகையாகவும் இருக்கும். இப்படியே பத்து வருஷம் போனது. கடைசியில் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று நானே ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதன் கதை பின்னால் வருகிறது.

அப்பா அதற்கு ஈடு போலத்தான் இந்த பூத்தை வைத்துக் கொடுத்தார். பின்னால் ஒரு சின்ன அறையும் குளியலறையும் இருந்தன. முதலில் தினமும் அடி அண்ணாமலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் என் அறை அவர்களுக்குப் போனது. நான் கூடத்தில் படுத்தேன். கொஞ்ச நாளில், விடிகாலை வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்று சொல்லி பூத்துக்குப் பின்னாலேயே படுக்க ஆரம்பித்தேன். "தனியா எப்படி இருப்ப?" என்று அம்மா கேட்டாள். கேட்டுக்கொண்டேதான் என் பாயைச் சுருட்டிக் கொடுத்தாள்.

விடிகாலை வாடிக்கையாளர்கள் என்றது பொய் இல்லை. இங்கே பொழுது விடியும்போது அமெரிக்காவில் சாயங்காலம். ஆசிரமத்துக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு ஞாபகம் வந்து கதவைத் தட்டுவார்கள். நான் நம்பரைப் போட்டுக் கொடுப்பேன். கூண்டின் கதவு முழுசாக மூடாது. பகலில் இத்தாலிக்காரி அழுவாள், ஜெர்மன்காரர் யாரையோ திட்டுவார், இஸ்ரேல் பையன்கள் அம்மாவிடம் காசு கேட்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லோரும் யாரையோ விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எல்லோருக்கும் கூப்பிட ஒரு நம்பர் இருந்தது. ஊரெல்லாம் நம்பர் போட்டுக் கொடுத்த எனக்குத்தான் போட ஒரு நம்பரும் இல்லை.

பூத்தில் இரண்டு கம்ப்யூட்டரும் சேர்த்த வருஷம் அவர் வந்தார். இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ, மார்கழிப் பனி. நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாசல் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன், முகம் தெரியவில்லை. இன்னும் நிமிர்ந்தேன். வளர்ந்த பிறகு ஒரு மனிதரை அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. கழுத்து வலித்தது. சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கம் இல்லை.

கறுப்பு அமெரிக்கர். முப்பத்துநாலு முப்பத்தைந்து வயசு இருக்கும். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். குனிந்துதான் கூண்டுக்குள் போனார், ஆனாலும் தலை பஞ்சில் பட்டது. தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உனக்காக வைத்தது, இல்லையா?" என்றார். அவர் பேசியது எல்லாம் ஆங்கிலம். எனக்குப் புரிந்தவரைக்கும் என் தமிழில் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு மாதிரி ஆங்கிலம் வந்திருந்தது. யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது, காரணம் அவருக்கும் அதே நெற்றி.

இரண்டாவது தடவை வந்தபோது பில்லில் தப்பு வந்துவிட்டது. அந்தச் சீட்டைக் கசக்கி உட்கார்ந்த இடத்தில் இருந்தே மூலையில் இருந்த குப்பைக் கூடையில் போட்டேன். அவர் கூடையைப் பார்க்கவில்லை. போட்ட பிறகும் மடங்கி நின்ற என் மணிக்கட்டைப் பார்த்தார். "நீ ஆடியிருக்கிறாய்" என்றார். "ஸ்கூல்ல" என்றேன். "சென்டர்?" என்றார். தலையாட்டினேன். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவரும் சென்டர்தான். என் ரிங்குக்கு வலைகூடக் கிடையாது. அவர் ஆடியது ஊர் ஊராக அரங்கம் நிறைந்து, காசு கொட்டும் அமெரிக்க லீக்கில். ஆனாலும் ரிங்குக்குக் கீழே நின்று இடிபடுகிற வேலை ஒன்றுதான்.

பக்கத்து டீக்கடைக்காரர் என்னை அக்கா என்று கூப்பிடுவார். அதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று அமெரிக்கர் நினைத்துக்கொண்டார். "குட் மார்னிங், அக்கா" என்பார். நான் திருத்தவில்லை. நான் அவரை சார் என்றேன்.

மற்ற நாளெல்லாம் சும்மா இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாளாவது தட்டுத் தடுமாறி மலையைச் சுற்றி வந்துவிடுவார். செருப்பில்லாமல் நடப்பார். நடந்து முடித்த அன்று முட்டி தேங்காய் மாதிரி வீங்கி இருக்கும். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் துணியில் கட்டி என் பெஞ்சில் உட்கார்ந்து வைத்துக்கொள்வார். ஊருக்கு இது போதுமே. "முட்டிக்கு வேண்டுதல் போலக்குது. மலை கைவிடாது, நீ வேணா பாரேன்" என்று ஆட்டோக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சுற்று வழியில் எங்கள் தெரு ஆட்கள் அவரைப் பார்த்தால் இளநீரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டார்கள். காலுக்காக நடக்கிறவரிடம் காசு வாங்குவது பாவம் இல்லையா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு விடவும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பூத்தைப் பூட்டிவிட்டுப் பெரிய கோயிலுக்குப் போனேன். கோபுரத்துக்கு எதிரே ஒரு அம்மாள் உருவத் தகடு விற்பாள். வெள்ளி மாதிரி மினுங்குகிற மெல்லிய தகட்டில் கண், கை, கால் என்று அச்சு அடித்திருக்கும். உடம்பில் எது சரியில்லையோ அதை வாங்கி உண்டியலில் போட்டு வேண்டிக்கொள்வது வழக்கம். "கால் குடுங்க" என்றேன். ஒற்றைக் கால் தகடு ஒன்றைக் கொடுத்தாள். "இது எந்தக் கால்? எனக்கு இடது கால் வேணும்" என்றேன். அவள் அதைத் திருப்பிக் காட்டினாள். "இப்படிப் பாத்தா எடது. அப்படிப் பாத்தா வலது. சாமிக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் திருப்தி இல்லை. உண்டியலில் போடும்போது இடது காலாகத் தெரிகிற மாதிரி பிடித்து, உள்ளே விழும்போது புரண்டுவிடக் கூடாதே என்று மெதுவாக விட்டேன். "இந்தாளு கால் நல்லாகணும், மறுபடி ஆடணும்" என்று வேண்டினேன். எனக்கென்று எதையும் வேண்டி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அடுத்தவருக்கு என்றதும் வாய் கூசாமல் வந்தது.

தகடு வேலை செய்ததோ, நடந்து நடந்து சதை இறுகியதோ, மாசி கடைசியில் அவர் நடையில் இழுப்பே இல்லை. வீக்கம் நின்றது. ஒரு நாள் டீக்கடை வாசலில் கீற்றில் செருகியிருந்த காகிதப் பட்டத்தை ஒரு பையனுக்கு எக்கி எடுத்துக் கொடுத்தார். எக்கினார் என்றா சொன்னேன், குதித்தார். இடது காலில் ஊன்றித்தான் குதித்தார். நான் கல்லாவில் உட்கார்ந்தபடி கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பலிக்காது என்று ஒரு பயம்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் அவருடைய ஏஜெண்டோடு போனில் சண்டை. ஏஜெண்ட் என்பவர் அவருக்காக டீமிடம் சம்பளம் பேசுகிற ஆள். வாரா வாரம் அவரிடம்தான் பேசுவார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "நான் குதித்தேன் என்றுதானே சொல்கிறேன், கொலை செய்தேன் என்றா சொல்கிறேன்?" என்று கத்தினார். போனை வைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்ச் குட்டை, முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்து நின்றன. டீக்கடைக்காரர் டீ கொண்டுவந்தார். ஆறு குழி வைத்த கம்பித் தூக்கு. நான் சும்மா இருந்திருக்கலாம். "கால் சரியானதுக்கு எதுக்கு சார் திட்டறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அந்தத் தூக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதில் எத்தனை கிளாஸ் வைக்கலாம்?"

"ஆறு."

"ஏழாவது?"

"கைல எடுத்துகினு போகணும். சிந்தும்."

"அதுதான் எங்கள் லீக்" என்றார்.

அங்கே ஒரு டீம் தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறதாம். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரர் என்றாலும் அதே வரம்புதான். இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் ஒருவரே வளைத்துப் போட்டுவிடுவார். வரம்பு நிரம்பிவிட்டால் புதிதாகப் பெரிய ஆளை எடுக்க முடியாது. இவருக்கு இன்னும் சில வருஷத்துக்கு ஒப்பந்தம் இருந்தது. முட்டி உடைந்துவிட்டது. ஆடவில்லை என்றாலும் ஒப்பந்தப்படி சம்பளம் கொடுத்தாக வேண்டும். கொடுக்கிற சம்பளம் வரம்புக்குள் ஏறித்தான் ஆக வேண்டும். டீ குடித்து முடித்த கிளாஸ் ஒன்றை எடுத்து ஒரு குழியில் வைத்தார். "காலி கிளாஸ். ஆனால் குழியை அடைத்துக்கொண்டிருக்கிறது" என்றார்.

"அப்போ ரிட்டயர் ஆயிட்டா?"

தானாக எழுந்து நான் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் ஒப்பந்தம் முறிந்துவிடும், குழியும் காலியாகிவிடும். ஆனால் மீதிச் சம்பளம் போய்விடும். எந்த ஏஜெண்டும் அதைச் செய்ய விடமாட்டார். அதற்குத்தான் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அமர்த்திய ஒரு டாக்டர் பார்த்து, இந்த மனிதர் இனி ஆடவே முடியாது என்று சொல்ல வேண்டும். அடிபட்டு இவ்வளவு காலம் என்று ஒரு கெடு முடிந்திருக்கவும் வேண்டும். அப்படி ஆகிவிட்டால் இவருக்குச் சம்பளம் வந்துகொண்டே இருக்கும், ஆனால் டீமின் வரம்பில் அது ஏறாது. அந்த இடத்தில் டீம் வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாம்.

"அப்படின்னா எல்லாருக்கும் நல்லதுதானே" என்றேன்.

"எல்லோருக்கும் நல்லது. ஒன்றே ஒன்றுதான். முட்டி குணமாகக் கூடாது." பிற்பாடு குணமாகி அவர் மறுபடி இறங்கிச் சில ஆட்டங்களுக்கு மேல் ஆடிவிட்டால், கணக்கில் ஏற்றாமல் விட்ட அந்தச் சம்பளம் முழுவதும் திரும்ப டீம் தலையில் வந்து ஏறுமாம். அதற்குள் அந்த இடத்தில் வேறு ஆளை எடுத்திருப்பார்கள். வரம்பு மீறும், அபராதம் விழும். டாக்டர் முன்பே பார்த்துவிட்டார். காத்திருக்க வேண்டிய காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதனால்தான் ஏஜெண்ட் அலறினார். குதிக்காதே, ஓடாதே, குணமாகிவிட்டது என்று யாரிடமும் வாயைத் திறக்காதே என்று.

இடது காலா வலது காலா என்று பார்த்துப் பார்த்துப் போட்ட தகடு கண்முன் வந்தது. அட கடவுளே, அங்கே ஒரு டீமே உட்கார்ந்து இந்த மனிதருக்குக் கால் சரியாகக் கூடாது என்று காத்திருக்கிறது. நான் போய் உண்டியலில் எதிர்மனு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"உங்களுக்குத்தான் எப்படியும் காசு வருதே சார். அப்புறம் என்ன கஷ்டம்?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். நான் தப்பு செய்துவிட்டேனோ என்ற பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"கஷ்டம் இல்லை" என்றார். கிளாஸைக் குழியில் இருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அடிபட்டதில் இருந்து எல்லோரும் போன் செய்கிறார்கள், முட்டி எப்படி இருக்கிறது என்று. மோசம் என்றால், ஐயோ பாவம் என்கிறார்கள். அந்த ஐயோ பாவத்தில் ஒரு நிம்மதி கேட்கிறது. தேவலை என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு அமைதி."

அன்றைக்கு அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குக் காசு வேண்டாம் என்று இல்லை. ஆடியே தீர வேண்டும் என்றுகூட இல்லை. காலம் முடிவதற்குள் அங்கிருந்து ஒரே ஒருவராவது, சரியாகிவிட்டால் வந்துவிடு என்று சொல்ல வேண்டும். யார் என்றும் சொன்னார். அவருடைய கோச். பத்து வருஷமாக அந்த ஒருவருக்குக் கீழேதான் இவர் ஆடினார். இவர் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றவர் அந்தக் கோச்தானாம். கல்யாணம் நிலைக்கவில்லை, கோச் நிலைத்தார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், அவர் வா என்றால் போவேன் என்றார்.

இரண்டு வாரம் அவர் அந்த போனைப் போடவில்லை. தினமும் காலையில் வருவார், பெஞ்சில் உட்காருவார், டீ குடிப்பார், நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் அவசரப்படுத்தவில்லை. கேட்காதவரைக்கும் பதில் நல்லதாகவே இருக்கும் என்று எனக்கும் தெரியும். அந்த இரண்டு வாரமும் நான் விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து பூத்தைத் திறந்து வைத்தேன். அவர் வருகிற நேரம் நெருங்கினால் தலையை ஒருமுறை வாரிக்கொள்வேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை வந்ததும் ஒரு நம்பரைச் சொன்னார். புது நம்பர். போட்டுக் கொடுத்தேன். கூண்டின் கதவு வழக்கம்போல விரல் கடை அளவு திறந்தே நின்றது. முதலில் சிரிப்பு, குசலம், கோச்சின் மனைவியின் உடம்பு பற்றிய விசாரணை. பிறகு அவர் சொன்னார், "கோச், முட்டி நன்றாக இருக்கிறது. உண்மையாகவே. குதிக்கிறேன். நான் வரட்டுமா?"

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் என்ன பேசினார்களோ எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் கேட்டது மட்டும்தான். "ம்" என்றார். "தெரியும்" என்றார். "யார், அந்தப் பையனா? நல்ல பையன். அவனைப் பார்த்திருக்கிறேன். வேகம் இருக்கிறது" என்றார். பிறகு நீளமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை கோச், புரிகிறது. சொல்ல மாட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்." கடைசியில், "நீங்கள் எதற்கு எனக்கு நன்றி சொல்கிறீர்கள்" என்றார். ரிசீவரை வைக்கத் தெரியாதவர் போல இரண்டு மூன்று தடவை தடவி வைத்தார். வெளியே வரும்போது நிமிர்ந்துவிட, தலை பஞ்சில் நன்றாகவே இடித்தது. கவனிக்கவில்லை.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "நன்றி சொன்னார்" என்றார். "டீமுக்காக நான் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதானாம். என் இடத்தில் வருகிற பையனை வைத்து அடுத்த வருஷம் ஜெயித்துவிடுவார்களாம். மூன்று தடவை நன்றி சொன்னார், அக்கா."

அந்த நன்றி எனக்குத் தெரியும்.

எங்கள் அத்தை மகளைத் தம்பிக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அக்கா வீட்டில் இருக்கும்போது தம்பிக்கு எப்படிச் செய்வது? ஊர் சிரிக்காதா? அதனால் எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தை மட்டும் வந்து வந்து அம்மாவிடம், "எத்தினி வருசம்தான் அண்ணி நானும் பொண்ண கைல புடிச்சிகினு நிக்கிறது?" என்று என் காதில் விழுகிற மாதிரி கேட்டுவிட்டுப் போவாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். "எனக்குக் கல்யாணம் வேணாம்ப்பா. நீங்க தம்பிக்குப் பாருங்க."

யாராவது ஒருத்தர், என்ன பேச்சு இது, உனக்கு ஆகாமல் அவனுக்கு எப்படி என்று திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வாய் திட்டுக்காகத்தான் சொன்னேன். அப்பா தட்டைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மா, "உனக்கு அப்படித் தோணிச்சின்னா சரிதான்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் வீட்டில் கேசரி கிளறினார்கள். ஏதோ விசேஷம் போல முந்திரி எல்லாம் போட்டிருந்தாள். தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றான். நல்ல பையன், மனசார சொன்னான். அந்தக் கேசரியை நானும் சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது. அதுதான் இன்னும் தாங்கவில்லை.

இதை எல்லாம் என் ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னேன். "ஐ ஆல்சோ ரிட்டயர்ட், சார். ஃப்ரம் மேரேஜ்" என்று ஆரம்பித்தேன். கேசரிக்கு ஆங்கிலம் தெரியவில்லை, ஸ்வீட் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் இடம் தம்பிக்குப் போனது, என் அறையும் போனது, அவர்களுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது, அது என்னைப் பார்த்தால் சிரிக்கும் என்று எல்லாம் சொன்னேன். நான் காலி கிளாஸ் என்று சொல்லவில்லை. அவரே தூக்கைப் பார்த்தார்.

பிறகு தகட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. கால் தகடு என்றால் என்ன என்று கையால் வரைந்து காட்டினேன். எப்போது போட்டேன், எப்படிப் பிடித்து இடது காலாகப் போட்டேன் என்று காட்டினேன்.

"என்ன கேட்டாய்?" என்றார்.

"கால் நல்லாகணும்னு. நீங்க மறுபடி ஆடணும்னு. சாரி சார், எனக்கு ரூல் தெரியாது."

முதலில் பெரிதாகச் சிரித்தார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என் டீம் முழுவதுக்கும் எதிராக நீ ஒருத்தி" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய முதுகு குலுங்கியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கையை முதுகு வரைக்கும் கொண்டுபோய்விட்டு, பூத்துக்கு வெளியே ஆட்கள் போகிறார்கள் என்று திரும்ப எடுத்துக்கொண்டேன். டீ இன்னொன்று சொன்னேன்.

அந்த வாரமே கிளம்பிவிட்டார். எங்கே என்று சரியாகச் சொல்லவில்லை. சகோதரி வீட்டுக்கு என்றார். ஒப்பந்தம் முடியும்வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம், அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்றார். டாக்ஸி நிற்கும்போது, "உனக்காக யார் தகடு போட்டார்கள், அக்கா?" என்று கேட்டார். "அது கை கால் சரியில்லாதவங்களுக்கு சார். எனக்குக் கை கால் நல்லாதான் இருக்கு" என்றேன். சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டதாக நினைப்பு. அவர் தலையாட்டிவிட்டு மடங்கி டாக்ஸிக்குள் நுழைந்தார். டாக்ஸி நேரே வேலூர் ரோட்டுக்குப் போகாமல் கோயில் பக்கமாகத் திரும்பியது. டிரைவருக்கு வழி தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி, சித்திரை என்று வெயில் ஏறியது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். விடிகாலையில் யாரும் கதவைத் தட்டவில்லை. நான் பழக்கத்தில் எழுந்து திறந்து வைத்துக்கொண்டு பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன். வைகாசியில் அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் என்றார்கள். கண் தகடு வாங்கப் போனேன். அதே அம்மாள்தான் கடையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"நீங்க போன் பூத்து வச்சிருக்கறவங்கதானே? அந்த உசரமான ஃபாரினர் உங்ககிட்டதான் பேச வருவாருன்னு ஆட்டோக்காரன் சொன்னான்."

"ஆமா. என்ன?"

"காருல வந்து எறங்குனாரு. பொம்பள உருவத் தகடு வேணும்னு கையால காமிச்சாரு. எடுத்துக் குடுத்தா, வேணாம், இன்னும் உசரமா குடுன்றாரு. எல்லாம் ஒரே அச்சுல அடிக்கிறதுதான், பொம்பள உருவம் இவ்ளோதான் உசரம்னா கேக்கவே இல்ல. மூட்டையைக் கொட்டச் சொல்லி ஒன்னு ஒன்னா அளந்து பாத்தாரு. கடைசில ஓரம் வெட்டாத தகடு ஒன்னு இருந்திச்சி, கால் கிட்ட கொஞ்சம் நீட்டிகினு. அதான் வேணும்னு எடுத்துகினாரு. யாருக்கு, ஒடம்புக்கு என்னான்னு கேட்டேன். ஒடம்புக்கு ஒன்னும் இல்ல, அவங்கள யாராச்சும் வான்னு கூப்டணும்னு சைகை காமிச்சாரு." கையை நீட்டி, விரல்களை மடக்கி, வா வா என்று அவள் காட்டினாள். "அப்படி ஒரு வேண்டுதல் நான் கேள்விப்பட்டதே இல்லம்மா. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

கண் தகட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கூட்டம் அதிகம் இல்லை. அம்மாவின் கண்ணைப் போட்டேன். போட்ட பிறகும் உண்டியலின் மேல் வைத்த கையை எடுக்க முடியவில்லை. உள்ளே எங்கேயோ, எத்தனையோ கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் நடுவில், ஓரம் வெட்டாத நான் கிடந்தேன். இல்லை, உண்டியலை எண்ணி எப்போதோ எடுத்திருப்பார்கள். இருந்தாலும் இரும்பு சூடாக இருந்தது, கை அங்கேயே இருந்தது.

பின்னால் நின்றவர், "போட்டாச்சின்னா கொஞ்சம் நகருங்கம்மா" என்றார்.

நகர்ந்தேன்.